செகண்ட் வாரம் படம் பார்க்கிறவர்களுக்கு சேலத்தில் ஷோ இருக்கிறதா?

ஆகஸ்ட் 15, 2025
கன்னங்குறிச்சிக்காரர் ஒருவர் கேட்டது: "நேற்றே கூலி பார்த்தாச்சு. முதல் நாள் கூட்டத்தோடு பார்த்தால்தான் அது படம். அப்புறம் போவது காசுக்குக் கேடு, நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடப் போகிறது. சேலத்தில் யாராவது இன்னும் செகண்ட் வாரம் தியேட்டருக்குப் போகிறீர்களா? போனால் ஏன்?"

ஆகஸ்ட் 15, இரவு
நான் போகிறேன். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. படம் ரிலீஸ் ஆகிற வியாழன், வெள்ளியில் ஆரம்பித்து ஞாயிறு வரைக்கும் கடையில் தலை நிமிர முடியாது. செவ்வாய்தான் வார லீவு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்றால் அந்தச் செவ்வாயும் கிடையாது. பெரிய படங்கள் எல்லாம் பண்டிகைக்குத்தான் வருகின்றன, அந்தப் பண்டிகைக்குத் துணி எடுக்கிறவர்களை கவனிக்கிற வேலை எங்களுக்கு. அதனால் ஊரே பார்த்து முடித்த பிறகுதான் எங்கள் கடை ஆட்கள் படம் பார்க்கிறோம். பஸ் ஓட்டுகிறவர்கள், ஹோட்டலில் சப்ளை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

ஆனால் வேறு வழியில்லாமல் போகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இப்போது லீவு கிடைத்தாலும் முதல் நாள் போக மாட்டேன். மகாராஜா 2024 ஜூன் 14 அன்று வந்தது, நான் பார்த்தது இரண்டாவது வாரம். விஜய் சேதுபதிக்கு 50-ஆவது படம் என்பதால் முதல் நாள் என்ன ஆர்ப்பாட்டம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நான் போன அன்று பாதி ஹால்தான். லட்சுமி என்று பெயர் வைத்த குப்பைத் தொட்டியைக் காணவில்லை என்று அவர் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற காட்சிகளுக்குச் சிரித்த அதே ஹால், கடைசி அரை மணி நேரம் மூச்சுக் காட்டவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மா "ஐயோ சாமி" என்று சொன்னது மட்டும் கேட்டது. அந்த அமைதி அந்தப் படத்துக்குத் தேவை. விசில் நடுவில் அது கிடைக்காது.

ஒரு படம் நல்லதா இல்லையா என்பது இரண்டாவது வாரச் செவ்வாய்க்கிழமை ஈவினிங் ஷோவில்தான் தெரியும். ரசிகர் மன்றம் இருக்காது, ரீல்ஸ் எடுக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். காசு கொடுத்துக் கதை கேட்க வந்தவர்கள் மட்டும் இருப்பார்கள்.

ஆகஸ்ட் 16
நான் சொன்னதில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செகண்ட் வாரம் போகிறவனுக்குக் கதை முன்பே தெரிந்துவிடும் என்று அம்மாபேட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். உண்மைதான். பில் போடுகிற கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் காது மூடிக்கொள்ள முடியாது, துணி எடுக்க வருகிறவர்களே வில்லன் யார் என்று பேசிக்கொண்டு போவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. முடிவு தெரிந்தும் உட்கார வைக்கிற படம்தான் என் கணக்கில் நல்ல படம், ஆனால் எல்லாருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை.

ஆகஸ்ட் 19, இரவு
ஆடி முடிந்தது, லீவு கிடைத்தது, கூலி பார்த்துவிட்டேன். படத்தைப் பற்றி முதலில். ரஜினியை இளமையாகக் காட்டுகிற ஃப்ளாஷ்பேக் நன்றாக வந்திருக்கிறது, கண் உறுத்தவில்லை. சௌபின் சாகிர்தான் படத்தைத் தூக்குகிறார், "மோனிகா" பாட்டில் ஆடினதற்கு ஹாலே கை தட்டியது, அதே ஆள் கொஞ்ச நேரம் கழித்து வருகிற காட்சியில் பயமுறுத்துகிறார். சத்யராஜுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம், அந்த நட்புதான் கதைக்கே அடி, அது பேச்சில்தான் வருகிறதே தவிர கண்ணில் வரவில்லை. இடைவேளைக்கு அப்புறம் ஆள் மேல் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாகார்ஜுனா ஸ்டைலாக இருக்கிறார், அவர் மேல் பயம் வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது வேறு. கவுண்டரில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். பெரியவள் ஏழாவது எட்டாவது படிக்கிற வயது, சின்னவன் இன்னும் சின்னவன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ்ஸில் சின்னவன் வாந்தி எடுத்து, சட்டையைக் கழுவி ஈரத்தோடு நிற்கிறான். படம் ஏ சர்டிஃபிகேட், 18 வயதுக்குக் கீழே உள்ளே விட முடியாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். அந்த ஊழியர் மேல் தப்பில்லை, மரியாதையாகத்தான் பேசினார், சட்டம் அப்படி. ஆனால் அந்த அப்பா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை விட மாட்டீங்களா?" அவர் சின்ன வயதில் ரஜினி படம் பார்த்தது அவர் அப்பா தோளில் உட்கார்ந்து. அதனால் போஸ்டர் மூலையில் இருக்கிற அந்த ஒற்றை எழுத்தை அவர் கவனிக்கவே இல்லை.

கடைசியில் பாட்டியும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். பாட்டிதான் ரஜினி ரசிகை, அவருக்காகத்தான் கிளம்பி வந்தார்களாம். இடைவேளையில் அந்த அப்பா படியில் நின்று போன் போட்டு "சாப்பிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஓடவில்லை, அதனால் மேலே நான் எழுதின குறையில் பாதி அதனாலும் இருக்கலாம்.

படம் ஏ வாங்கினது தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்த வெட்டுக்குத்துக்கு ஏழு வயதுப் பையன் உட்காரக் கூடாதுதான். குடும்பம் குடும்பமாக வருகிற ஒரு நடிகரின் படத்துக்கு, சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் அந்த எழுத்தைத் தலைப்பு அளவுக்குப் பெரிதாகப் போடட்டும் என்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஆப்பில் டிக்கெட் எடுத்து வருவதில்லை. போஸ்டரைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 20
"பெற்றோர் கூட இருந்தால் ஏ படத்துக்குப் பிள்ளைகள் போகலாமே" என்று சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். இல்லை அக்கா. பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்பது யு/ஏ-வுக்கு. அதிலும் இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்தது. யு/ஏ 16+ என்று இருந்தால்கூட நீங்கள் சரி என்றால் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். ஏ என்றால் யார் கூட வந்தாலும் கிடையாது.

ஆகஸ்ட் 29
கூலிக்கு யு/ஏ கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பு உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி ஆகிவிட்டது. அந்தப் பாட்டி குடும்பம்தான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 2
சூரமங்கலம் அண்ணா எழுதினது நல்ல கேள்வி: "முன்பெல்லாம் படம் 100 நாள் ஓடும், 175 நாள் ஓடும், இப்போது பத்து நாள் ஓடினால் பெரிது. ஜனங்களுக்கு ரசனை போய்விட்டதா?"

ரசனை எங்கேயும் போகவில்லை அண்ணா. படம் வந்து சேர்கிற விதம் மாறிவிட்டது. என் சித்தப்பா ஆத்தூரில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர், அவர் சொல்வதை வைத்து எழுதுகிறேன். வியாபாரத்தில் "சேலம் ஏரியா" என்றால் சேலம் மட்டும் இல்லை, நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அந்த மொத்த ஏரியாவுக்கும் கையளவு பிரிண்ட்தான் வரும். சேலம் டவுனில் முதலில் ஓடும். அங்கே ஓடி முடித்து, ஃபிலிம் பெட்டி ஆத்தூருக்கும் ராசிபுரத்துக்கும் போகும், அப்புறம் டெண்டுக் கொட்டாய்க்குப் போகும், அங்கே போகும்போது ஃபிலிமில் கீறல் விழுந்து திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். ஆத்தூர்க்காரர் அவசரம் என்றால் பஸ் ஏறி சேலம் வந்து பார்ப்பார். அதனால் சேலத்தில் ஒரே தியேட்டரில் ஒரு படம் மாதக் கணக்கில் நிற்கும். கதை மெல்ல மெல்ல ஊருக்குள் பரவ நேரம் இருந்தது.

இப்போது டிஜிட்டல். பெட்டி கிடையாது, ஹார்டு டிஸ்க்கோ சாட்டிலைட்டோ, கூடவே திறக்க ஒரு பாஸ்வேர்டு மாதிரி வருகிறது. ஆத்தூர், ராசிபுரம், மேட்டூர், சேலத்தில் எல்லா ஸ்கிரீன் என்று ஒரே நாளில் இறக்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் பெரும்பாலும் மூன்று நாளில் பார்த்துவிடுகிறார்கள். திங்கள்கிழமை காலியாக இருக்கிறது, உடனே "படம் படுத்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். மொத்தமாகப் பார்த்தவர்கள் அன்றைக்கு விடக் குறைவா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய படத்துக்கு இதனால் நஷ்டம் இல்லை, மூன்று நாளில் போட்ட காசை எடுத்துவிடுவார்கள். ஆள் பெயர் தெரியாத சின்னப் படத்துக்குத்தான் இது கழுத்தைப் பிடிக்கிறது. "நல்லா இருக்காம்" என்கிற பேச்சு எங்கள் கடைக்கு வந்து சேரவே ஐந்து நாள் ஆகிறது, அதற்குள் ஷோவைத் தூக்கிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 12
நேற்று கூலி அமேசான் பிரைமில் வந்துவிட்டது. ஆகஸ்ட் 14-இலிருந்து எண்ணிப் பாருங்கள், சொல்லி வைத்த மாதிரி நாலு வாரம். வடநாட்டில் பெரிய மல்டிபிளக்ஸ்கள் இந்திப் படத்துக்கு எட்டு வாரம் இடைவெளி கேட்கின்றன, அந்த நிபந்தனையில் ஒத்துப் போகாததால்தான் 2023-இல் லியோவின் இந்திப் பதிப்பை அவர்கள் போடவில்லை. அங்கே எட்டு வாரம் சாத்தியம் என்றால் இங்கே ஆறு வாரமாவது முடியாதா?

கன்னங்குறிச்சிக்காரர் "வீட்டில் ஏசி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்" என்கிறார். என் வீட்டில் நாலு பேர், ஒரு ஹால், பத்து மணிக்கு அப்பாவுக்குத் தூக்கம். சத்தம் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சப்டைட்டில் படிக்கிறோம். எனக்கு இரண்டரை மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் தியேட்டர் மட்டும்தான். போனை அணைத்து வைக்க ஒரு நியாயமான காரணமும் அதுதான்.

செப்டம்பர் 23
நேற்றிலிருந்து 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. 100-க்கு மேலே பழைய 18-தான். மல்டிபிளக்ஸ் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, பழைய சிங்கிள் ஸ்கிரீன்களுக்குத்தான் கொஞ்சம் மூச்சு. நான் வழக்கமாகப் போகிற ஒரு இடத்தில் இன்று விசாரித்தேன், விலை அதேதான். வெளியே தட்டுவடை செட் விலை ஏறியிருக்கிறது. ஆனால் படம் விட்டு வந்து, கேரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்ட தட்டுவடையை ரோட்டோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பற்றிப் பேசுவது எனக்குப் படத்தில் சேர்ந்த பகுதி. அதற்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன்.

செப்டம்பர் 27
மெய்யழகன் வந்து இன்றோடு ஒரு வருடம். "அந்த அறுவைப் படம்" என்று மேலே ஒரு தம்பி எழுதியதைப் பார்த்ததும் இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை, எழுதியே ஆக வேண்டும்.

படம் வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் என்று எல்லாரும் சொன்னதும் சில நாளில் 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். நான் போகும்போது வெட்டின படம்தான் ஓடியது. அதற்கே என் கூட வந்த மச்சான் இடைவேளையில் "ரெண்டு பேர் உட்கார்ந்து பேசறாங்க, எப்ப படம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். நானும் அன்றைக்கு அவர் பக்கம்தான் இருந்தேன். அரவிந்த்சாமிக்குக் கார்த்தி யார் என்றே தெரியவில்லை, சரி, அதற்கு இவ்வளவு நேரமா என்று தோன்றியது.

அப்புறம் என் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு ஓமலூர் போனேன். ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. "எங்க வீட்டுத் திண்ணையில்தான் நீ நடக்கப் பழகினே" என்கிறார். எனக்கு அவர் பெயர் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ரசம் ஊற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது படம் அப்படியே வந்து நின்றது. நீடாமங்கலத்துக்குப் போகிற அந்த ஆளுக்கு ஒரு ராத்திரி முழுக்க இருந்த தவிப்பு என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது. அந்த நீளம் அதற்கு வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் அன்பு நம் மேல் கனக்க வேண்டும் என்றால் நேரம் ஆகத்தான் செய்யும். வெட்டியிருக்கக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அந்தப் படத்துக்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 20-இல் லப்பர் பந்து வந்தது. ஆரம்பத்தில் சேலத்தில் எங்கள் கடையில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாது. இரண்டாவது வாரம் தையல் பிரிவில் இருக்கிறவர்கள் மொத்தமாகப் போய்விட்டு வந்து, அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கினால் வருகிற அந்தப் பழைய விஜயகாந்த் பாட்டை வாரம் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் அக்டோபர் 31 அன்றுதான் ஓடிடியில் வந்தது, ஆறு வாரம் ஆகிவிட்டது. ஆறு வாரம் இருந்ததால்தான் அந்தப் பேச்சு பரவ நேரம் கிடைத்தது.

செப்டம்பர் 28
டூரிஸ்ட் ஃபேமிலி பற்றிக் கேட்டவருக்கு: இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, அதுவும் லப்பர் பந்து மாதிரி மெல்லப் பேச்சில் பரவின படம்தான். அது வந்த மே 1 அன்றே சூர்யாவின் ரெட்ரோவும் வந்தது, எங்கள் பக்கம் முதல் நாள் பேச்சு முழுக்க ரெட்ரோ. இரண்டாவது வாரம் கதை மாறிவிட்டது. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன, அங்கிருந்து வந்து எங்கள் கடையில் வேலை பார்க்கிற ஒரு அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "சசிகுமார் பேச்சு அங்கங்கே இடறுது, சிம்ரன் நடந்துக்கிற விதம் எங்க அம்மாதான்" என்றார். எந்த விமர்சனத்திலும் இந்த வரி எனக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபர் 5
பேச்சு பராசக்திக்குப் போய்விட்டது. சுதா கொங்கரா எடுக்கிற புதுப் படத்தைப் பற்றிக் கேட்டால், ஒருவர் "பழைய பராசக்தி நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1952 பராசக்தி நேஷனல் பிக்சர்ஸ், ஏவிஎம்மோடு சேர்ந்து எடுத்தது. வசனம் கலைஞர் என்பதால் குழப்பம் வருகிறது. அவர் நம் ஊரில் தங்கி மாடர்ன் தியேட்டர்ஸுக்கு எழுதினது 1950-இல் வந்த மந்திரி குமாரி. 1953-இல் சிவாஜி நடித்த திரும்பிப் பார் படமும் அவர் வசனம்தான்.

ஏற்காடு போகிற வழியில் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வாசல் வளைவு, அதைச் செல்ஃபி எடுக்கிற இடமாக மட்டும் பார்க்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் கட்டின ஸ்டுடியோ. சென்னைக்குப் போகாமல் இங்கேயே எல்லாம். முதல் மலையாளப் பேசும்படமான பாலன், 1938, இங்கே எடுத்தது. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்த உத்தமபுத்திரன், 1940, அதுவும் இங்கே. தமிழில் முதல் முழு நீளக் கலர் படம் அலிபாபாவும் 40 திருடர்களும், 1956, எம்.ஜி.ஆரும் பானுமதியும். மலையாளத்தின் முதல் கலர் படமான கண்டம் பெச்ச கோட்டும் இவர்களுடையதுதான், 1961. தாத்தா அங்கே செட்டுக்குத் தச்சு வேலை பார்த்தவர். அலிபாபா குகைக்கு மரம் அறுத்ததைச் சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரம் முதலாளி காலையில் சரியான நேரத்துக்கு வந்து நிற்பாராம், நடிகர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நேரத்துக்கு வராவிட்டால் வேலை இல்லை.

இதை எழுதக் காரணம் பெருமை பேச மட்டும் இல்லை. அந்தப் படங்களை எடுத்த ஊரிலேயே, அவற்றில் ஒன்றைப் பெரிய திரையில் பார்க்க இன்றைக்கு எனக்கு வழி இல்லை. கில்லியை 2024-இல் மறுபடி போட்டார்கள், சச்சின் வந்தது, கேப்டன் பிரபாகரன் ஆகஸ்டில் வந்தது, எல்லாவற்றுக்கும் கூட்டம். ஒரு ஞாயிறு காலைக் காட்சிக்கு அலிபாபாவைத் துடைத்துச் சேலத்தில் போட்டால் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் நாள் வருவேன். இதற்கு மட்டும் முதல் நாள்.

அக்டோபர் 12
தீபாவளி வேலை. 20-ஆம் தேதி முடிகிற வரை எழுத முடியாது. டியூட், பைசன், டீசல் மூன்றும் 17-ஆம் தேதி வருகின்றன. பார்த்தவர்கள் எழுதி வையுங்கள், கதையை மட்டும் சொல்லாதீர்கள்.

நவம்பர் 4
பைசன் பார்த்தேன். வந்து இரண்டரை வாரம் ஆகியிருக்கிறது, எனக்குத் தோதான ஈவினிங் ஷோ எங்கேயும் இல்லை, ராத்திரிக் காட்சி மட்டும்தான். அம்மாவைக் கூட்டிப் போக முடியவில்லை. முடிந்து வெளியே வரும்போது பஸ் இல்லை, ஆட்டோவுக்கு டிக்கெட்டை விட அதிகம் கொடுத்தேன். செகண்ட் வாரம் பார்க்கிறவன் கஷ்டம் இதுதான், கன்னங்குறிச்சி அண்ணா. ஆசை இல்லாமல் இல்லை.

படம் என்னை உலுக்கிவிட்டது. 1994 ஆசிய விளையாட்டில் கபடி ஆடித் தங்கம் வாங்கின மணத்தி கணேசன் வாழ்க்கையை வைத்து எடுத்தது. துருவ் உடம்பை வருத்தியிருக்கிறார், அது தெரிகிறது, ஆனால் படம் பசுபதியுடையது. பையன் விளையாடப் போனால் எங்கே வெட்டுப்பட்டுத் திரும்பி வருவானோ என்று பயப்படுகிற அப்பா. அவர் போலீஸ்காரர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நிலை ஒன்று போதும். கபடி ஆட்டங்கள் ஒன்று இரண்டு குறைந்திருக்கலாம், எது எந்த ஊர் ஆட்டம் என்று கடைசியில் கலந்துவிடுகிறது. அமீரும் லாலும் எதிரெதிர் பக்கத்துத் தலைவர்களாக வருகிறார்கள், இரண்டு பேரையும் வெறும் கெட்டவர்களாகக் காட்டாமல் விட்டது எனக்குப் பிடித்தது.

டியூட் கடைப் பையன்கள் பார்த்தார்கள். மமிதா பைஜுவைத்தான் பேசுகிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 6
லோகா பற்றிக் கேட்டவருக்கு: மலையாளப் படம், ஆகஸ்ட் 28 ரிலீஸ், ஓடிடியில் வந்தது அக்டோபர் 31. ஒன்பது வாரம். தமிழ் டப்பிங்கில் கல்யாணி பிரியதர்ஷனைப் பார்க்க என் தங்கை வகுப்பே போனது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கூட்டமாக. மஞ்சும்மல் பாய்ஸ் 2024 பிப்ரவரியில் வந்தபோதும் இப்படித்தான், டப் கூடச் செய்யவில்லை, குணா குகைக்குள் "கண்மணி அன்போடு" கேட்டதும் சேலத்து ஹால் அழுதது. கேரளாக்காரர்கள் படத்தைக் கொஞ்சம் காத்திருக்க விடுகிறார்கள்.

நவம்பர் 9
"எல்லாம் யூட்யூப் விமர்சனக்காரர்களால் வந்த கேடு, முதல் மூன்று நாள் விமர்சனத்தையே தடை செய்ய வேண்டும்" என்று ஒருவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். கங்குவா சமயத்தில் தயாரிப்பாளர்கள் இதைத்தான் நீதிமன்றத்தில் கேட்டார்கள், இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. எனக்கு அது சரி என்றே படுகிறது. கங்குவாவில் சத்தம் காதைக் கிழித்தது, தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார், அப்புறம் 12 நிமிடம் வெட்டினார்கள். பார்த்தவன் காது வலிக்கிறது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வான்? விமர்சனத்தை நிறுத்துவதை விட மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்கிற ஏற்பாட்டை மாற்றுங்கள். மூன்று வாரம் ஓடப் போகிற படத்தை முதல் நாள் விமர்சனம் ஒன்றும் செய்ய முடியாது.

நவம்பர் 18
லீவு நாளில் நான் வழக்கமாகப் போகிற தியேட்டரின் கவுண்டர் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா. பத்துப் பேருக்காக ஏசி ஓட்டினால் கரண்ட் பில் யார் கட்டுவது என்றார். நியாயம். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். முதல் வாரம் வசூலில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும், வாரம் போகப் போகத்தான் தியேட்டர் பங்கு கூடும். அப்படியென்றால் இரண்டாவது, மூன்றாவது வாரம் கூட்டம் வந்தால் தியேட்டருக்குத்தான் லாபம். "வந்தால் சந்தோஷம்தான், ஆனா வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்து நிக்குதே, ஸ்கிரீன் கொடுன்னு" என்றார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை என்று அவரிடமே சொன்னேன். பேச்சு நன்றாக இருக்கிற ஒரு படத்துக்கு, இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு ஈவினிங் ஷோவை நகர்த்தாமல் வையுங்கள். ஆறரை மணி. ஒன்பதரைக்கு விட்டால் அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸும் ஓமலூர் பஸ்ஸும் இருக்கும், பெண்கள் தனியாகக்கூட வருவார்கள். காலை பத்தரை மணிக்கும் ராத்திரி பத்தரை மணிக்கும் போட்டுவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று சொன்னால் எப்படி வரும்? அவர் தலையாட்டினார். முதலாளியிடம் சொல்கிறேன் என்றார். சொல்வார் என்றுதான் நினைக்கிறேன், நல்ல மனிதர்.

டிசம்பர் 2
பொங்கலுக்கு எது முதலில் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ஜன நாயகன் ஜனவரி 9 என்று அறிவித்திருக்கிறார்கள், வினோத் இயக்கம், விஜய்க்கு இதுதான் கடைசிப் படம் என்கிறார்கள். டிக்கெட் கிடைக்காது, எனக்கு லீவும் கிடைக்காது. பராசக்தியும் பொங்கலுக்குத்தான், சிவகார்த்திகேயன், இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலத்துக் கதை. எங்கள் கடையில் ஓய்வு பெறப் போகிற மேனேஜர் அந்தப் போராட்டத்தின்போது கைக்குழந்தை, அவர் அப்பா சேலத்தில் ஊர்வலம் போனவராம். அவரைக் கூட்டிக்கொண்டு பராசக்திதான் முதலில், மாட்டுப் பொங்கல் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு. ஜன நாயகன் எப்படியும் மூன்றாவது வாரமும் இருக்கும், அதனால் அதற்கு அவசரம் இல்லை.

அதற்கு முன்னால் டிசம்பர் 12 அன்று படையப்பா மறுபடி வருகிறது. 1999-இல் அம்மா பார்த்த படம், நீலாம்பரி முன்னால் ஊஞ்சலை இழுத்து உட்கார்கிற ரஜினியை இன்றைக்கும் சமையலறையில் நடித்துக் காட்டுவார். 16-ஆம் தேதி செவ்வாய், எனக்கு லீவு. அம்மாவுக்கு ராத்திரிக் காட்சி ஒத்துக்கொள்ளாது. சேலத்தில் எங்கேயாவது அன்றைக்கு மேட்னியோ ஆறரை மணியோ போடுகிறார்கள் என்றால் தெரிந்தவர்கள் எழுதுங்கள், நாலு டிக்கெட் வேண்டும், அத்தையும் வருகிறார்.